கிரைண்டரில் கட்டிய ஸ்கோப்

போன மாதம் டிலானி எனக்குப் போன் எடுத்தாள். நான் வேலை செய்த கம்பனியின் களஞ்சியத்தில் இன்னமும் இருப்பவள்.

"அக்கா, உங்கட மேசையைக் கழட்டிப்போட்டாங்கள். இனி இஞ்ச ஒருத்தரும் ஒண்டையும் சோதிக்கிறேல்லை. பழுதெண்டு ஒரு ஸ்கோப் திரும்பி வந்தால் அதைக் குப்பையிலை போட்டிட்டுப் புதுசு ஒண்டை அனுப்புறதாம்."

"சுகமான வேலைதானே" என்றேன்.

"சுகம்தான். ஆனா அந்தக் கிரைண்டர் கதையைச் சொன்னால் புதுசா வந்த ஆக்கள் நம்பீனமில்லை. நான் புளுகிறன் எண்டு சிரிக்கினம். நீங்களே எழுதித் தாங்கோ அக்கா."

நான் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஆள். ஆனால் எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள் என்பதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்பேட்டையில் அந்தக் கம்பனி இருந்தது. மீன்தூண்டில், கூடாரம், டோர்ச், ரைபிள் ஸ்கோப் என்று வெளியே அலைகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் இறக்குமதி செய்து கடைகளுக்குக் கொடுப்பார்கள். ஸ்கோப் என்றால் துப்பாக்கியின் மேல் பூட்டுகிற சின்னத் தொலைநோக்கி. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மெல்லிய கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் சந்திக்கிற இடமும் குண்டு போய் விழுகிற இடமும் ஒன்றாக வரும்படி குமிழைத் திருகிச் சரிசெய்வதைத்தான் சீரோ பிடிப்பது என்பார்கள். விலை குறைந்த ஸ்கோப்புகளின் பெரிய வியாதி, பிடித்த சீரோ நிற்காது. இன்றைக்கு நேராகச் சுடும். அடுத்த முறை எடுத்தால் குண்டு ஒரு சாண் தள்ளிப் போகும்.

நான் அங்கே பெட்டி கட்டப் போனவள். பிறகு லேபல் ஒட்டினேன். பிறகு ஒரு நாள், திரும்பி வரும் ஸ்கோப்புகளைச் சோதிக்கிற மேசைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். கைநடுக்கம் இல்லாத, அதிகம் பேசாத ஆள் வேண்டும் என்று அந்த மேசைக்குப் பொறுப்பான பழனிசாமி சார் கேட்டாராம். பேசாத ஆள் என்றதும் எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். நான் ஓய்வு பெறும்வரை அந்த மேசையிலேயே இருந்தேன். அத்தனை வருடத்திலும் ஒரு வெடிச்சத்தம்கூடக் கேட்டதில்லை. துப்பாக்கி எங்கள் கட்டடத்துக்குள் வருவதில்லை, ஸ்கோப் மட்டும்தான் தபாலில் வரும்.

பழனிசாமி சார் கோயம்புத்தூர்க்காரர். நான் யாழ்ப்பாணம். முதல் கிழமை அவர் என்னை "வாங்க, உக்காருங்க, இதப் புடிங்க" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் மரியாதை கொடுத்தபோது, வேறு யாருக்கோ சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னத் தூரிகை வைத்திருப்பார். கண்ணாடியைத் தொடுவதற்கு முன்னால் அதால் தூசி தட்டுவார். கையைக் கழுவுவார், துடைப்பார், பிறகு கையைப் பார்த்து இன்னொரு முறை கழுவுவார். அவசரம் என்று யாராவது வந்து நின்றால் இன்னும் மெதுவாகக் கழுவுவார்.

வேலையில் அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. "மொதல்ல வளையத்தப் பாருங்க. அப்புறம் ஸ்க்ரூ. அப்புறம் ஸ்கோப். ஆளக் கடைசியாத்தானுங்க சந்தேகப்படணும்." இன்னொன்றும் சொல்வார்: "ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும். ரெண்ட மாத்திப்போட்டுச் சரியாயிருச்சுன்னா, எதால சரியாச்சுன்னு யாருக்குங்க தெரியும்?"

அவர் சொன்னபடிதான் முக்கால்வாசி நடக்கும். பழுது என்று வருகிற ஸ்கோப்புகளில் பெரும்பாலானவற்றில் பழுதே இருக்காது. துப்பாக்கியோடு சேர்த்துப் பிடிக்கிற வளையத்தின் ஸ்க்ரூ இளகியிருக்கும். ஒருவர் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று வளையத்தின் உட்புறம் முழுக்கக் கிரீஸ் பூசியிருந்தார். ஸ்கோப் அதற்குள் மீன் மாதிரி வழுக்கியது. இன்னொருவர், இதால் பார்த்தால் பக்கத்தில் நிற்கிற மாடு அடுத்த ஊரில் நிற்பதுபோலத் தெரிகிறது என்று எழுதியிருந்தார். பின்பக்கத்தை முன்பக்கமாகப் பூட்டியிருக்கிறார். பழனிசாமி சார் அவரிடம் போனில், "சார், உங்கள் ஸ்கோப்புக்கு நல்ல ஆரோக்கியம், அது ஊருக்குப் போகத் திரும்பி நிற்கிறது, அவ்வளவுதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் எவரையும் நீ செய்தது பிழை என்று சொன்னதில்லை.

சோதனையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கோப்பை இரும்புக் கட்டையில் இறுக்கிப் பூட்டுவோம். எதிரே கொலிமேட்டர் என்ற சின்னப் பெட்டி. அதற்குள் விளக்கும் கட்டம் போட்ட கண்ணாடியும் இருக்கும். ஸ்கோப்புக்குள் பார்த்தால் அந்தக் கட்டங்களும் ஸ்கோப்பின் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். கோடுகளை நடுக்கட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, குமிழைத் திருகி மேலே, வலப்பக்கம், கீழே, இடப்பக்கம் என்று சதுரமாக ஒரு சுற்றுக் கொண்டுபோய் விட்டால் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். பிறகு ரப்பர் சுத்தியலால் கட்டையைத் தட்டுவோம். துப்பாக்கி வெடிக்கும்போது பின்னால் உதைக்கிற உதைக்குப் பதிலாக அது. பிறகு விளக்கின் கீழ் வைத்துச் சூடாக்குவோம், ஃபிரிட்ஜில் வைத்துக் குளிராக்குவோம். எங்களிடம் இருந்தது சாப்பாட்டு ஃபிரிட்ஜ் ஒன்றுதான். ஒரு வாடிக்கையாளர், ஸ்கோப் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் பார்க்கும்போதெல்லாம் பசிக்கிறது என்று எழுதினார். அன்றைக்கு என்னுடைய மீன்குழம்பு அதற்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

இனிக் கொலின் என்ற வாடிக்கையாளரின் விஷயம்.

அவருடைய ஸ்கோப் இரண்டு முறை எங்களிடம் வந்தது. இரண்டு முறையும் எல்லாச் சோதனையிலும் தேறியது. இரண்டு முறையும் பழுதில்லை என்று திருப்பி அனுப்பினோம். மூன்றாவது முறை தபாலில் வரவில்லை. கொலினே ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அதைத் துவாயில் சுற்றிக் கையில் கொண்டு வந்து நின்றார். மேற்கே வெகு தூரத்திலிருந்து பிக்கப்பில் வந்திருந்தார். பெரிய உடம்பு, வெயிலில் வெந்த கழுத்து, கையில் தொப்பி. அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

"நான் சண்டைக்கு வரேல்லை. எனக்கு ஒண்டு மட்டும் தெரிய வேணும். கோளாறு இதிலையோ, என்னிலையோ?"

பழனிசாமி சார் கதிரையை இழுத்துப் போட்டார். கொலின் உட்கார்ந்து விபரம் சொன்னார். அவருடைய தொழில், பண்ணைகளில் ஆட்டுக்குட்டிகளைப் பிடிக்கிற நரிகளையும் பயிரை உழக்கும் காட்டுப்பன்றிகளையும் சுடுவது. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் பண்ணைக்காரர்கள் ஒரு குறிபார்த்தல் தேர்வு வைப்பார்கள். தேறினால்தான் வேலை. அந்தத் தேர்வு அடுத்த கிழமை.

"ஊருக்குப் பக்கத்திலை பயிற்சி மைதானத்திலை, ஒவ்வொருக்காவும் சீரோ பிடிச்சுப்போட்டு, கடதாசியிலை நல்லாத்தான் சுடுறன். பண்ணைக்குப் போனால் பிழைக்குது. போன மாசம் ஒரு நரிக்குக் காயம் மட்டும் பட்டுது. இருட்டும்வரைக்கும் அதைத் தேடித் திரிஞ்சன். இன்னொரு சீவனை அப்பிடி ஓடவிட என்னாலை ஏலாது. கோளாறு என்னிலை எண்டு நீங்கள் சொன்னால், நான் லைசன்ஸைக் குடுத்திட்டு இதோடை விடுறன். என்ரை வேட்டை நாய் ரெண்டையும் எடுத்துக்கொண்டு போகப் பக்கத்துப் பண்ணைக்காரன் நாளைக்கு வாறான்."

சொல்லிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் மேசையில் வைத்து, அவை வேறு யாருடையவோ கைகள் என்பதுபோலப் பார்த்தார்.

மேலாளரிடம் கேட்டுப் புதிது ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார் பழனிசாமி சார். கொலின் தலையாட்டி மறுத்தார்.

"புதுசைப் பூட்டிப்போட்டுப் பிறகும் பிழைச்சால்? அதை நான் இன்னொரு நரியிலைதான் கண்டுபிடிக்க வேண்டி வரும்."

அந்த மறுமொழி பழனிசாமி சாருக்குப் பிடித்துவிட்டது. எழுந்து போய்க் கைகழுவினார். அப்படியென்றால் யோசிக்கிறார் என்று அர்த்தம். திரும்பி வந்து என்னிடம் தமிழில், "ஏனுங்க கலா, கடுதாசில சரியா இருக்குது, பண்ணைல தப்புது. ரெண்டுக்கும் நடுவுல என்னங்க இருக்குது?" என்றார்.

"பயம் சார்" என்றேன். "கடதாசி ஓடாது, நரி ஓடும்."

"அது ஆளு. ஆளு கடைசிலதானுங்க."

"அப்ப றோட்டு சார்."

"அதேதானுங்க!" என்று கொலின் பக்கம் திரும்பி, பண்ணைக்குப் போகும் வழி எப்படி என்று கேட்டார். மைதானம் வரைக்கும் தார் ரோடு. அதற்கு அப்பால் மண்ரோடுதான், தகரக் கூரை மாதிரி வரிவரியாக இருக்கும், பல்லுக்கூட ஆடும் என்றார் கொலின். உதடு நடுங்குவதுபோல 'ட்ர்ர்ர்ர்' என்று சத்தம் போட்டுக் காட்டினார்.

"எங்கட கிரைண்டர் மாதிரி" என்று என் வாயில் வந்துவிட்டது.

வந்த பிறகுதான் சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. எங்கள் ஹோம்புஷ் வீட்டில் இருந்த பழைய கிரைண்டருக்கு ஒரு காலின் ரப்பர் போய்விட்டது. மா அரைக்கிறபோது அது குசினி மேசையில் தானாக நடக்கும். பிடித்துக்கொண்டு நிற்காவிட்டால் சிங்க் வரைக்கும் போய்விடும்.

பழனிசாமி சார் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "எந்த ஊரு கிரைண்டருங்க?"

"உங்கட ஊர்தான் சார். கோயம்புத்தூர் எண்டு அடியிலை எழுதியிருக்கு."

"அப்ப அது ஏமாத்தாதுங்க. நாளைக்குக் கொண்டாங்க."

அன்று பின்னேரம் வீட்டில் நடந்ததைத்தான் டிலானி ஆட்களுக்குச் சொல்லிச் சிரிப்பாள். என் கணவரிடம், "என்னப்பா, நாளைக்குக் காலமை கிரைண்டரை ஒருக்காக் காரிலை ஏத்தித் தாங்கோ. வேலைக்குக் கொண்டு போகவேணும்" என்றேன்.

"உமக்கென்ன விசரோ? ஆக்கள் வேலைக்குச் சோத்துப் பாசல் கொண்டு போவினம். நீர் கிரைண்டரைக் கொண்டு போறீர்."

"துவக்குக் கண்ணாடியை அதிலை கட்டி ஆட்டிப் பாக்கிறதுக்கு."

அவர் குசினிக்குள் போய்க் கிரைண்டரைப் பார்த்தார். பிறகு, "உளுந்து ஊறப் போடட்டோ?" என்று கேட்டார். கேலி என்று நினைத்தேன். இல்லை. வெறும் கிரைண்டரை ஓடவிட்டால் கல் தேயும் என்று அவருக்கும் தெரியும். ஊறப் போட்டோம்.

சனிக்கிழமை கம்பனி பூட்டு. பழனிசாமி சாரிடம் திறப்பு இருந்தது. பரமட்டாவில் ஒரு மோட்டலில் தங்கியிருந்த கொலின் எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். என் கணவர் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வர, நான் உளுந்துச் சட்டியோடு பின்னால் வந்தேன். கொலின் தொப்பியை எடுத்து எங்களுக்குக் காலை வணக்கம் சொன்னார். கிரைண்டரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாங்கள் எதைச் செய்தாலும் ஒப்புக்கொள்கிற நிலையில் இருந்தார்.

கிரைண்டரின் வெளிப்புறத்தில் ஓர் இரும்புச் சட்டத்தை வைத்து இறுக்கினார் பழனிசாமி சார். சட்டத்தில் கொலினின் ஸ்கோப்பைப் பூட்டினார். பிறகு களஞ்சியத்திலிருந்து நல்ல ஸ்கோப் ஒன்றை எடுத்து வந்து பக்கத்திலேயே பூட்டினார்.

"ரெண்டும் நகர்ந்துச்சுன்னா தப்பு நம்ம கட்டுல. ஒண்ணு மட்டும் நகர்ந்துச்சுன்னா தப்பு அதுல."

நான் உளுந்தையும் தண்ணீரையும் விட்டு சுவிட்சைப் போட்டேன். மேசை நடுங்கியது. பென்சில்கள் உருண்டன. என் கணவர் கிரைண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். இடைக்கிடை நான் மாவைத் தள்ளிவிட்டேன். கொலின் மாவுக்குள் எட்டிப் பார்த்து, இதுவும் சோதனையில் ஒரு பகுதியா என்று மெதுவாகக் கேட்டார். "இல்லை, இது இட்லி" என்றார் என் கணவர்.

மா பதமானதும் நிறுத்தி, இரண்டு ஸ்கோப்பையும் கழற்றாமல் சட்டத்தோடு எடுத்துக் கொலிமேட்டருக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன்.

நல்லது நகரவில்லை. கொலினின் ஸ்கோப்பும் நகரவில்லை. கோடுகள் நடுக்கட்டத்தில் அப்படியே நின்றன.

பழனிசாமி சாரும் பார்த்தார். தூரிகையால் கண்ணாடியைத் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது. எப்படிச் சொல்வது என்று தொண்டையைச் செருமினார். கொலினுக்கு விளங்கிவிட்டது.

"அப்ப நான்தான்" என்றார். தொப்பியைத் தலையில் வைத்தார். எல்லோருக்கும் நன்றி சொன்னார். மாவுக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பெருந்தன்மையான மனிதர்.

அவர் கதவுப் பக்கம் திரும்பியபோது எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. முதல் நாளே இருந்தது. துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாத நான் கேட்டால் சிரிப்பார்கள் என்று விழுங்கிவிட்டேன். வாடிக்கையாளர்கள் மேசைக்கு வந்தால், என்னைத் தாண்டி யாராவது ஆம்பிளை இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். அதனால் கேள்வி கேட்பதை எப்போதும் சாரிடமே விட்டுவிடுவேன். ஆனால் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"மிஸ்டர் கொலின், துவக்கை வாகனத்தில் எப்படி வைப்பீர்கள்?" என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் திரும்பினார். மூலையில் இருந்த, நிலம் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்தார். துப்பாக்கியைப் பிடிப்பதுபோல அதை நேராகப் பிடித்து, பிறகு பக்கவாட்டில் சரித்து மேசையில் கிடத்திக் காட்டினார். "பெட்டிக்குள்ளை, ஸ்பொஞ்சிலை, இப்பிடிப் படுக்கவைப்பன். எப்பவும் இந்தப் பக்கம்."

நாங்கள் கட்டியிருந்தது நிமிர்த்தி. எங்களுடைய எல்லாச் சோதனையும் நிமிர்த்தித்தான். சுடும்போது ஸ்கோப் நிமிர்ந்துதான் இருக்கும். ஆனால் அந்த ரோட்டில் மணிக்கணக்காக அது படுத்துக்கொண்டு போயிருக்கிறது.

பழனிசாமி சார் ஓடிப் போய் ஸ்பானரை எடுத்தார். அவர் கைகழுவாமல் ஸ்கோப்பைத் தொட்டதை அன்றுதான் பார்த்தேன். இரண்டையும் தும்புத்தடி கிடந்த மாதிரியே சரித்துப் பூட்டினார். "வேற ஒண்ணயும் மாத்தாதீங்க. அதே மாவு, அதே நேரம்."

"மா பதமாகீட்டுது சார். இனி அரைச்சால் களியாப் போகும்."

"போகட்டுமுங்க!"

மா களியானது. நிறுத்திப் பார்த்தேன். நல்ல ஸ்கோப்பின் கோடுகள் நடுவில் நின்றன. கொலினின் ஸ்கோப்பில் நெடுக்குக்கோடு நடுக்கட்டத்தை விட்டு முழுதாகப் பக்கத்துக் கட்டத்துக்குள் போயிருந்தது. எழும்பிச் சாருக்கு இடத்தை விட்டேன். சார் பார்த்தார், பார்த்துவிட்டுக் கொலினை அந்தக் கதிரையில் இருத்தினார்.

பிறகு அதைத் திறந்து பார்த்தோம். உள்ளே கோடுகளைத் தாங்குகிற சின்னக் குழாயை ஒரு பக்கமிருந்து தள்ளிப் பிடிக்கிற ஸ்பிரிங் வலுவில்லாதது. நிமிர்ந்து இருந்தால் தாக்குப்பிடிக்கும். அந்தப் பக்கம் கீழே வரும்படி படுக்கவைத்து ஆட்டினால் குழாயின் பாரம் முழுக்க அதன்மேல் விழும், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். அதோடு ஒரே கப்பலில் வந்த மற்ற ஸ்கோப்புகளையும் அதற்குப் பிறகு படுக்கவைத்துச் சோதித்தோம். கம்பனி சாருக்கு ஆட்டுகிற யந்திரம் ஒன்று வாங்கிக் கொடுத்தது. அது மா அரைக்காது. கொலின் வேறு ஸ்கோப்போடு போய் அந்தத் தேர்வில் தேறினார். இவையெல்லாம் பின்னால் நடந்தவை. எனக்கு நினைவில் நிற்பது அந்தச் சனிக்கிழமைதான்.

கொலின் கொலிமேட்டருக்கு முன்னால் நெடுநேரம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு, "இன்னொருக்காச் செய்யலாமோ?" என்று கேட்டார். கோடுகளை நடுவுக்குக் கொண்டுவந்து, தண்ணீர் விட்டு, மறுபடியும் ஓட்டினோம். மறுபடியும் நகர்ந்தது. "இன்னொருக்கா" என்றார். என் கணவர், "இனி இது இட்லியும் இல்லை, தோசையும் இல்லை, சுவருக்குப் பூசலாம்" என்று சொல்லிக்கொண்டே கிரைண்டரைக் கட்டிப்பிடித்தார். மூன்றாவது முறையும் கோடு நகர்ந்ததைப் பார்த்த பிறகுதான் கொலின் சிரித்தார். எங்கள் மூன்று பேரின் கையையும் பிடித்துக் குலுக்கினார். என் கையில் மா இருந்தது. அவர் கவனிக்கவில்லை.

சாமான்களைக் காரில் ஏற்ற வெளியே வந்தபோது அவர் தன் பிக்கப்பில் சாய்ந்தபடி வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மறுபக்கத்தில் ஒரு பெண்ணின் குரல், என்ன சொன்னார்கள் என்று கேட்டது.

"நான் இல்லை" என்றார் கொலின். "ஸ்கோப்தான்."

"ஸ்கோப்போ?" என்று அந்தக் குரல் திருப்பிக் கேட்டது.

"பக்கத்துப் பண்ணைக்காரன் நாயளை ஏத்திப்போட்டானோ?" என்று கொலின் கேட்டார்.

"ஏத்திக்கொண்டு நிக்கிறான்."

"இறக்கச் சொல்லு" என்றார்.

அவருடைய சத்தம் கேட்டிருக்க வேண்டும். அந்தப் போனுக்குள்ளிருந்து இரண்டு நாய்கள் ஒன்றாகக் குரைக்கத் தொடங்கின. கொலின் போனைக் காதுக்குக் கொண்டு போகாமல், எங்களுக்கும் கேட்கட்டும் என்பதுபோலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.